மழையில் திறக்காத அலமாரி

எனக்குப் பயம் வந்தால் கை சும்மா இருக்காது. எதையாவது துடைக்கத் தொடங்கிவிடும். கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்து குத்துவிளக்கைத் துடைத்த மாப்பிள்ளை நான். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு வரிசை நாற்காலியைத் துடைத்து முடித்திருந்தேன். "தரைய மட்டும் ஏங்க விட்டுட்டீங்க?" என்று நர்சம்மா கேட்டார். பழைய மர அலமாரி வியாபாரத்தில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு: "அவர் கடை சாமான் எப்பவும் பளபளன்னு இருக்கும்." அது பாலீஷ் இல்லை பிள்ளைகளே. பயம்.

இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஓய்வு பெறுகிற வயது இல்லைதான். ஆனால் வருகிறவர்களிடம் எல்லாம் "அலமாரியோட முதுகைப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லியே என் முதுகைப் பார்க்காமல் விட்டேன். டாக்டர் பார்த்தார். "இனிமே பீரோவ பாக்கலாம், தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். தூக்காமல் பார்த்துக்கொண்டிருக்க நான் என்ன மியூசியத்திலா வேலை செய்தேன்? கடையை விட்டு இறங்கிவிட்டேன். நீங்கள் ஏறியிருக்கிறீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்த கடை, காலையில் வெயில், சாயங்காலம் உப்புக் காற்று. நன்றாக இருங்கள்.

தேக்கு எது, வேங்கை எது, தேயிலைத் தண்ணீர் தடவிப் பழசாக்கிய புது மரம் எது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. ஆறு மாதத்தில் உங்கள் மூக்கே சொல்லிவிடும். இரண்டு முறை ஏமாந்தால் மூன்று மாதத்திலேயே சொல்லும். நான் சொல்ல வந்தது ஒரு மழை நாளில் கோட்டக்குப்பத்தில் நடந்தது. அன்று நான் ஒருவருடைய பிழைப்பையே கெடுத்திருப்பேன். கெடவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். நான் அந்தப் பட்டியலில் இல்லை.

ஷமீமா என்று ஒரு தங்கச்சி. கோட்டக்குப்பத்தில் வீடு. வீட்டுக்காரர் அன்வர் வளைகுடாவில் வேலை. வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். ஒரு கோடையில் கடைக்கு வந்த ஷமீமா, நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னது:

"அண்ணே, இரும்பு பீரோ வேணாம். ரெண்டு வாங்கி ரெண்டும் துருப்பிடிச்சு, துணியெல்லாம் மஞ்ச மஞ்சளா கறை. மரத்துல வேணும். பழசா இருந்தா நல்லது. புதுசுக்கு நம்ம ஊரு காத்து தெரியாது."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் இவள் ஏமாற்ற முடியாத கஸ்டமர் என்று தெரிந்துவிட்டது. கடையில் இருந்த எதுவும் அவளுக்கு ஒப்பவில்லை. ஒன்று அகலம், ஒன்றுக்குக் கால் ஆட்டம், ஒன்றில் "கண்ணாடி வச்சிருக்குது, பக்கத்து வீட்டுக்காரி உள்ள என்ன இருக்குதுன்னு எண்ணுவா." கடைசியில் மரக்காணத்துக்கு அழைத்துப்போனேன். அங்கே உப்பளக்காரர் குடும்பம் ஒன்று. வீட்டுத் தலைவி தனபாக்கியம் அம்மாள். அளத்தைத் தம்பிக்கு விட்டுவிட்டு மகனோடு திண்டிவனத்துக்குக் குடிபோகிற ஏற்பாட்டில் இருந்தார். கூடத்தில் அந்த அலமாரி நின்றது.

அப்படி ஒன்றை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இரட்டைக் கதவு, உள்ளங்கை கனத்தில் தேக்கு, தலையில் தாமரை செதுக்கிய மகுடம். அன்று அடித்த வெயிலில் கதவு இரண்டும் விரல் பட்டால் திறந்தன, மூச்சு பட்டால் மூடிக்கொண்டன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஷமீமாவைப் பின்பக்கம் அழைத்துப்போய் டார்ச் அடித்துக் காட்டினேன்.

"முன்னாடி பாக்காத தங்கச்சி. முன்னாடி எல்லாரும் மேக்கப் போடுவாங்க. பின்னாடி பாரு. ஆணி அடிக்காம ஸ்க்ரூ போட்டிருக்கான். அதுவும் பித்தள. உப்பளத்துக்குப் பக்கத்துல இத்தினி வருஷம் நின்னும் ஒரு துரு இருக்குதா?"

"இல்லண்ணே."

"கால்ல கரையான் தடம் இருக்குதா?"

"இல்ல."

"தலைய உள்ள விட்டு மோந்து பாரு. பூஞ்சை நாத்தம் வருதா?"

அவள் தலையை விட்டு மோந்தாள். "கற்பூர வாசன வருதுண்ணே."

அந்தக் கற்பூர வாசனையைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தனபாக்கியம் அம்மாளிடம் மரத்தின் வயதைக் கேட்டேன், செய்த ஆசாரியின் ஊரைக் கேட்டேன், கீலை எப்போதாவது மாற்றினார்களா என்று கேட்டேன். பெண் பார்க்கப் போய்ப் பெண்ணைத் தவிர எல்லோரிடமும் பேசிவிட்டு வந்த மாதிரி வந்துவிட்டேன்.

அலமாரி கோட்டக்குப்பம் போனது. ஷமீமா துணி, சீனாப் பீங்கான் செட், வீட்டுக் காகிதங்கள் எல்லாவற்றையும் அதற்குள் குடிவைத்தாள். தெருவே வந்து பார்த்ததாம்.

ஐப்பசி வந்தது. அந்த வருடம் மழை கையை எடுக்காமல் ஒரு வாரம் பெய்தது. அன்வர் லீவில் வந்திருந்தார். ஒரு காலை, நான் கடையில் டீயை வாயருகே கொண்டுபோகும்போது போன் வந்தது.

"அண்ணே, நீங்க குடுத்த பீரோ தொறக்க மாட்டேங்குது. உள்ள அவரு பாஸ்போர்ட் இருக்குது. இன்னைக்கு ராத்திரி ஃப்ளைட்டு."

"வேற நாள் போனா..."

"நாளைக்குள்ள டூட்டியில நிக்கலைன்னா விசா கேன்சலாம். பன்னெண்டு மணிக்கு வண்டி கெளம்பணும்."

"வர்றேம்மா. நீ பயப்படாத."

"நான் பயப்படலண்ணே. நீங்க பயப்படாம வாங்க."

ஆள் எப்படித் தெரிந்துவைத்திருக்கிறாள் பாருங்கள். டீயை வைத்துவிட்டு, டேபிளை ஒரு முறை துடைத்துவிட்டு, வண்டியை எடுத்தேன். கிளியனூரில் இருந்த நம் கடைக் கார்பெண்டர் ஏழுமலைக்குப் போன் போட்டேன். அவன் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் கையில் உளி, சுத்தி, தோளில் கடப்பாரை.

நான் கூடத்துக்குள் நுழைந்ததும் ஏழுமலை முதலில் பார்த்தது என்னை.

"அண்ணே, ஹெல்மெட்ட கழட்டுண்ணே. பீரோ உன்ன அடிக்காது."

"ம்" என்றேன். கழற்றவில்லை. கழற்றாதது எனக்குத் தெரியவும் இல்லை.

அலமாரி சுவரோடு ஒட்டி, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றது. கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தேன். அலமாரி அசையவில்லை, நான்தான் அசைந்தேன். அன்வர் பேண்ட் சட்டை போட்டு, ஷூ மாட்டி, பெட்டியோடு வாசற்படியில் நின்றார். அதிகம் பேசாத மனிதர். தெருவில் வாடகைக் கார் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தான்.

"உடைச்சிடுங்கண்ணே" என்றார் அன்வர். "பீரோ போனா வேற வாங்கிக்கலாம். வேல போனா வராது."

நியாயம்தான். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். ஏழுமலை பூட்டின் ஓரத்தில் உளியை வைத்தான். சுத்தியலை ஓங்கினான்.

"நிறுத்துங்க!" ஷமீமா குறுக்கே வந்து நின்றாள். "அந்தப் பூட்டுக்கு நேர் பின்னாலதான் டிராயரு. அதுலதான் பாஸ்போர்ட்டு. உளி உள்ள போச்சுன்னா? ஓட்ட விழுந்த பாஸ்போர்ட்ட காட்டி எந்த ஊருக்குப் போவாரு?"

ஏழுமலை சுத்தியலை இறக்கினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொழில் தெரிந்தவன் நான்தானே. நான் என்ன செய்தேன் தெரியுமா? தோளில் கிடந்த துண்டை எடுத்து, கதவின் பித்தளைக் குமிழைத் துடைக்கத் தொடங்கினேன். சுற்றிச் சுற்றி, வெகு சிரத்தையாக.

"நல்லா துடைண்ணே" என்றான் ஏழுமலை. "மூடினது மூடினபடி பளபளன்னு இருக்கட்டும்."

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரே ஒரு நல்ல யோசனை வந்தது. பயத்தில் வருகிற யோசனைகளில் எப்போதாவது ஒன்று சரியாக இருக்கும். தனபாக்கியம் அம்மாளுக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"யாருப்பா?"

"நான்தாம்மா, பீரோ வாங்கினு போனவன்."

"இன்னா, இன்னொண்ணு வேணுமா?"

"இல்லம்மா. தொறக்க மாட்டேங்குது."

"எப்படித் தொறக்கும்? மழ பேயுதில்ல?"

கூடத்தில் இருந்த எல்லோரும் போனைப் பார்த்தோம்.

"அப்ப உங்க வீட்ல மழையில எப்படிம்மா தொறந்தீங்க?"

"ஏம்பா, மழையில உப்பளத்துல என்ன வேல? ஐப்பசி பொறந்தா பாத்திய மழைக்கு விட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவோம். அளத்து சாமானெல்லாம் பீரோவுல வச்சு மூடினா, தை பொறந்து, கற்பூரம் காட்டித்தான் தொறப்போம். நடுவுல அதத் தொட்டவங்க யாரு? மழையில அது தொறக்குமா தொறக்காதான்னு எம் மாமியாருக்கே தெரியாது."

கற்பூர வாசனை! கோடையில் மூக்குவரை வந்து நின்ற விஷயம், ஐப்பசியில்தான் என் மண்டைக்குள் போனது.

"வாங்குறப்ப ஒரு வார்த்த சொல்லலையேம்மா?"

"நீ கேட்டியா? மரம் இன்னா, கீலு இன்னா, ஆசாரி எந்த ஊருன்னு எங்க வம்சத்தையே கேட்ட. எப்பத் தொறப்பீங்கன்னு கேட்டியா?"

நான் குமிழைத் துடைத்தேன்.

"சாவி திரும்புதா?" என்றார்.

"திரும்புதும்மா, வெண்ணெ மாதிரி."

"அப்புறம் ஏன் பூட்டு மேல கோவப்படுற? அது வேலைய அது செஞ்சிடுச்சு. மரம் தண்ணி குடிச்சிருக்குது. குடிச்சவன்கிட்ட சண்ட போட்டு ஆவாது. தெளியட்டும் உடு."

"தெளிய எவ்ளோ நாளும்மா ஆகும்?"

"தை."

போனை வைத்துவிட்டார். ஏழுமலை உளியைப் பைக்குள் போட்டான். அது பெரிய விஷயம், பிள்ளைகளே. பூட்டு கெட்டது என்று நினைத்தவரை எங்கள் கோபம் முழுக்க அந்த ஒரு இடத்தின் மேல்தான் இருந்தது. அந்த இடத்துக்குப் பின்னால்தான் பாஸ்போர்ட். தனபாக்கியம் அம்மாள் வழி எதுவும் சொல்லவில்லை. ஆனால் எங்கே அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் இன்று திண்டிவனத்தில் சௌக்கியமாக இருக்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இன்றுவரை, "இப்பவாவது கேட்டுட்டு வாங்குறியா?" என்றுதான் வரவேற்பார்.

ஆனால் அன்று, அந்த நிமிடத்தில், கார் வாசலில், அலமாரிக் கதவு மூடியபடி. அன்வர் மெதுவாக ஷூவின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். அதைப் பார்த்ததும் என் கை இரண்டு மடங்கு வேகமாகத் துடைத்தது. ஷமீமா என் கையிலிருந்து துண்டைப் பிடுங்கினாள்.

"அண்ணே, இத நிறுத்துங்க. அந்தம்மா வீட்ல அன்னைக்கு எங்கிட்ட என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"முன்னாடி பாக்காத தங்கச்சி, பின்னாடி பாருன்னு சொன்னீங்க. ஆணி இல்ல, ஸ்க்ரூன்னு சொன்னீங்க. டார்ச் அடிச்சு காட்டுனீங்க."

ஏழுமலை என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இவரா சொன்னாரு?"

"இவரேதான்."

"இந்த ஹெல்மெட் போட்டவரா?"

இந்த ஊரில் அலமாரி வாங்கிய ஒவ்வொருவரிடமும் நான் சொன்ன ஒரே மந்திரம் அது. எனக்கு வேண்டியபோது எனக்கு மறந்துவிட்டது. கேட்டவளுக்கு மறக்கவில்லை. கஸ்டமரிடம் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவையுங்கள் என்று நான் எப்போதும் சொல்வது இதற்காகத்தான். நம்மிடம் தங்காவிட்டாலும் அவர்களிடம் பத்திரமாக இருக்கும்.

அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்த வேண்டும். உள்ளே பீங்கான் செட் முழுவதும் இருக்கிறது. இழுத்தால் கவிழும், தள்ளினால் நொறுங்கும். இப்போது என் மண்டை வேலை செய்யத் தொடங்கியிருந்தது; வேலை தெரிந்த இடம் வந்தால் பயம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். "கோணி இருக்குதா? நனைச்சு எடுத்தா" என்றேன். ஏழுமலை கடப்பாரையை அடியில் கொடுத்து ஒரு காலை ஒரு விரல் உயரம் தூக்கினான். அந்தச் சந்தில் ஈரக் கோணியைச் சொருகினேன். அடுத்த கால். உடைக்க வந்த கடப்பாரை தூக்கி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஆட்கள் வந்தார்கள். நாலு பேர் ஓரத்தில் கைகொடுத்து, "ஹா... மெதுவா... இன்னும் கொஞ்சம்" என்று நகர்த்தினோம். டைல்ஸ் தரையில் அலமாரி வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே பீங்கான்கள் கிணுகிணுத்தன. ஒவ்வொரு கிணுகிணுப்புக்கும் ஷமீமா கண்ணை மூடித் திறந்தாள்.

பின்பக்கத்தில் ஏழுமலை ஸ்க்ரூ டிரைவரை வைத்தான். உப்புக் காற்றில் அத்தனை காலம் நின்ற பித்தளைத் திருகு, நேற்று மாட்டியதுபோலச் சுழன்று வந்தது. அந்த ஸ்க்ரூவைப் போட்ட ஆசாரி யாரோ, எந்தக் காலமோ. இரும்பு ஆணி மலிவாகக் கிடைத்திருக்கும். அவர் போடவில்லை. அவர் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன், முதுகு வலியோடு.

நடுப் பலகை இரண்டு வந்தன. உள்ளே டிராயரின் பின்பக்கம் தெரிந்தது. அதற்கு மேலே ஒரு சிறு சந்து. நான் கையை விட்டேன். பாதியில் நின்றது. ஏழுமலை விட்டான். அவன் கை என் கையைவிடத் தடி. ஷமீமா வளையல்களைக் கழற்றி அன்வரின் சட்டைப் பையில் போட்டாள். "வச்சது நான். எனக்குத்தான் தெரியும்" என்று கையை விட்டாள். தோள் வரை போனது. கன்னம் பலகையில் அழுந்தியிருந்தது.

"அல்லா" என்றாள் மெதுவாக. கை வெளியே வந்தபோது இரண்டு விரல்களுக்கு நடுவில் பாஸ்போர்ட் இருந்தது.

அன்வர் ஷூ நாடாவை மறுபடி கட்டினார். கார் வரை போனவர் திரும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் நெற்றி என் ஹெல்மெட்டில் டணார் என்று மோதியது. அப்போதுதான் அதைக் கழற்றினேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே சிரித்தார். அன்று முழுவதும் அவர் சிரித்தது அந்த ஒரு தடவை. வளையல்களை ஞாபகமாக எடுத்து ஷமீமாவிடம் கொடுத்தார். கார் மழைக்குள் போனது.

அவள் தெருமுனை வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். நான் ஏற்கனவே பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"தங்கச்சி, இத நான் திருப்பி எடுத்துக்கறேன். உனக்கு மழையிலயும் தொறக்கற மாதிரி வேற ஒண்ணு நானே பாத்து..."

"பொறுங்கண்ணே. பலகய மாட்டிடாதீங்க."

ரேஷன் கார்டு, பிள்ளைகளின் ஸ்வெட்டர், சுகர் மாத்திரை என்று மழைக்கு வேண்டியதையெல்லாம் அலமாரியின் பின்வழியாக எடுத்து வேறு இடத்தில் வைத்தாள். பிறகு அன்வர் விட்டுப்போன சட்டைகளை, இஸ்திரி போட்டு மடித்ததை, உள்ளறையிலிருந்து இரண்டு கையிலும் ஏந்திவந்தாள். பின்வழியாக நடுத்தட்டில் அடுக்கினாள்.

"இத மழையில யாரும் எடுக்கப்போறதில்ல" என்றாள். "இப்ப மாட்டுங்க."

ஏழுமலை பேசாமல் பலகையை மாட்டினான். அவன் பேசாமல் ஒரு வேலை செய்து நான் பார்த்தது அன்றுதான். உப்பளக்காரர் வீட்டுக்கு ஒரு மூடுகிற காலம் இருந்தது போல இந்த வீட்டுக்கும் ஒன்று இருந்தது. நான் மரத்தைப் பார்த்தேன், பித்தளையைப் பார்த்தேன், இடத்தை அளந்தேன். எந்த வீட்டுக்கு எந்த அலமாரி என்பதை, கோணி நனைந்த அந்தக் கூடத்தில் நின்று, அவள்தான் முடிவு செய்தாள்.

அதற்குப் பிறகு விற்க வருகிற யாரிடமும் நான் முதலில் கேட்பது, "இத எப்பெப்பத் தொறப்பீங்க?" என்றுதான். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிரம்மதேசம் கிராமத்தில் ஒரு விவசாயி, "நாள் பூரா தொறந்தேதான் கெடக்கும், என் பொண்டாட்டி மூடவே மாட்டா" என்று சண்டை போடுகிற குரலில் சொன்னார். கதவு ஓரமெல்லாம் கைபட்டு வழவழவென்று இருந்தது. அதைப் புதுச்சேரியில் நாலு பிள்ளைகள் இருக்கிற வீட்டுச் சமையலறைக்கு அனுப்பினேன். இன்றுவரை ஒரு புகார் வரவில்லை. தினமும் திறக்கிற அலமாரி உண்டு, காத்திருக்கிற அலமாரி உண்டு. இரண்டும் நல்லவை. வீடு மாறிப் போனால்தான் கெட்டவை. கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

அந்த வருடம் தை முடிந்து மாசியில் வெயில் ஏறியது. ஒரு நாள் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஷமீமாவிடமிருந்து போட்டோ வந்தது. அலமாரிக் கதவு ஒரு விரல்கடை தானாகத் திறந்து நின்றது. உள்ளே இருட்டில் ஒரு சட்டைக் காலர் தெரிந்தது. கீழே குரல் செய்தி.

"அண்ணே, உங்க பீரோவுக்குப் பொறுமையே இல்ல. அவரு வர எவ்ளோ மாசம் கெடக்குது. அதுக்குள்ள தொறந்து வச்சுக்கிட்டு வழி பாக்குது."

துண்டை எடுத்துப் போன் கண்ணாடியைத் துடைத்தேன்.